கரித்தூளில் வடித்த பால்

சர்க்கரை நோய் கண்ட அன்பர் பலர் தேநீரில் இட்டுக்கொள்ளும் இனிப்பு வில்லைகளின் சிறு டப்பாவை நம்மில் பலரும் கையில் எடுத்துப் பார்த்திருப்போம். அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டியால் ஆன வில்லைகளாயின், டப்பாவின் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். பினைல்கீட்டோனூரியா உடையவர்களுக்கு இது உகந்ததன்று என்பதே அதன் பொருள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதனைப் படித்து முடித்தவர்கள்கூட, நமக்கு இருப்பது சர்க்கரை, இது வேறேதோ என்று டப்பாவைக் கீழே வைத்துவிடுவதே வழக்கம். பங்கு இல்லத்து உணவு மேசையில் நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தோம். ஒரு நாள் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த சிறுமி ஒருத்தி அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்து, "இது யார் சாமி?" என்று கேட்டாள். நோயின் பெயரை ஆளின் பெயர் என்று எண்ணிவிட்டாள். சிரித்துவிட்டோம், ஆனால் விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, அந்தப் பிள்ளையின் கேள்வி அத்தனை பிழையன்று என்று தோன்றிற்று. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் உண்மையாகவே ஆட்கள் இருக்கின்றனர். சிறப்பாக ஒரு தாயும் ஒரு மகளும் இருக்கின்றனர்.

முதலில் நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். நாம் உண்ணும் புரதம் ஒரு மணிமாலை போன்றது. பால், முட்டை, மீன், பருப்பு, ஏன், அரிசியிலும் கோதுமையிலும்கூட இம்மாலை உண்டு. வயிறும் குடலும் அதன் நூலை அறுத்துத் தனித்தனி மணிகளாக்குகின்றன. அமினோ அமிலங்கள் எனப்படும் அம்மணிகள் இருபது வகை. அவற்றைக் கொண்டு உடல் தனக்கு வேண்டிய தசையையும் குருதியையும் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. இருபதில் ஒன்று பினைல்அலனின். இதனை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். வளர்ச்சிக்குப் போக மிஞ்சுவதைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி, டைரோசின் என்னும் வேறொரு மணியாக மாற்றிவிடுகிறது. அந்த நொதி வேலை செய்யாது பிறக்கும் குழந்தைகள் உண்டு. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால்தான் இது நேரும். பெற்றோர் இருவரும் முழு நலத்துடனேயே இருப்பர். தங்களுள் இப்படியொன்று ஒளிந்திருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடுகின்றனர்.

இந்நோயின் கொடுமை அது வரும் வழியில் இருக்கிறது. கருவில் இருக்கும்வரை தாயின் உடலே மிஞ்சியதை அகற்றிவிடுவதால் குழந்தை குறையேதுமின்றிப் பிறக்கும். பிறந்து, தாய் முதல் முறையாக மார்போடு அணைத்துப் பாலூட்டும் அந்த வேளையிலிருந்து நஞ்சு சேரத் தொடங்குகிறது. எதைக் கொடுத்தால் பிள்ளை வளருமோ, அதுவே வளரும் மூளையைக் கெடுக்கிறது. சில திங்களில் பார்வையில் ஒளி குன்றும். உட்காரவோ நிற்கவோ பேசவோ கற்காது. டைரோசின் குறைவதால் தலைமுடியும் தோலும் வெளிறும். உடலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் பூசணம் பிடித்தாற்போன்ற ஒரு வாடை வீசும்.

அந்த வாடையே நோயைக் காட்டிக்கொடுத்தது. நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருமே மனவளர்ச்சி குன்றியவர்கள். இருவரிடமும் ஒரே வாடை. ஏன் என்று மருத்துவர் பலரிடம் கேட்டும் எவரும் செவிகொடுக்கவில்லை. இறுதியில் ஆஸ்லோ நகரில், மருத்துவமும் வேதியியலும் ஒருங்கே கற்ற ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் செவிகொடுத்தார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது, வழக்கமான நிறத்துக்கு மாறாகப் பச்சை நிறம் தோன்றிற்று. அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைத் தூயதாகப் பிரித்தெடுக்க அவருக்கு இருபது லிட்டருக்கும் மேற்பட்ட சிறுநீர் தேவைப்பட்டது. தாய் சளைக்காமல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னர் விடுதிகளில் வாழ்ந்த மனவளர்ச்சி குன்றியோர் 430 பேரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சையைக் கண்டு, 1934இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். பைத்தியம், சாபம், வளர்ப்புக் குறை என்றெல்லாம் பேசப்பட்டுவந்த ஒரு நிலைக்கு உடலின் வேதியியலிலேயே காரணம் உண்டென்று அன்று உறுதியாயிற்று. ஆனால் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் அதனால் ஒரு பயனும் விளையவில்லை. பெயர் தெரிந்தது, மருந்து தெரியவில்லை.

அதன்பின் பதினேழு ஆண்டுகள் மருத்துவ உலகம் ஏறக்குறைய கைகட்டி நின்றது எனலாம். பரம்பரை நோய், ஆகவே தீர்வில்லை என்பதே அக்காலத்து முடிந்த முடிபு. சீனத்தில் மறைப்பணியாற்றிய பெற்றோரின் மகளாக வளர்ந்து, 1938இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக் அம்மையாரைத் தமிழ் வாசகர் அறிவர். 1920இல் பிறந்த அவர் மகள் மனவளர்ச்சியின்றிப் போனாள். மகளை விடுதியொன்றில் சேர்த்துவிட்டு, அவளது வாழ்நாள் செலவுக்குப் பொருள் வேண்டியும் எழுதிக் குவித்தார் அந்தத் தாய். 1950இல் அவளைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். அந்நூல் வெளிவந்தபோதுகூட மகளின் நோய் இதுதான் என்று அவருக்குத் தெரியாது, பின்னரே தெரியவந்தது. உலகப் புகழும் பொருளும் உடையவருக்கே இந்நிலை எனின், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

இனி, இங்கிலாந்து நாட்டின் பர்மிங்ஹாம் நகருக்கு வருவோம். 1951ஆம் ஆண்டு. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் மூவர் பணியாற்றி வந்தனர்: செருமனியிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கெல், குழந்தை மருத்துவர் ஜான் ஜெரார்டு, ஆய்வகத்தை நடத்திவந்த உயிர்வேதியியலார் ஈவ்லின் ஹிக்மன்ஸ் அம்மையார். ஒரு தாய் தம் இரண்டு வயது மகள் ஷீலாவை அங்குக் கொண்டுவந்தார். குழந்தைக்கு நிற்கத் தெரியாது, பேசத் தெரியாது, உணவில் நாட்டமில்லை, சுற்றி இருப்போரைக் கண்டுகொள்வதில்லை. முனகுவதும் அழுவதும் தலையை மோதிக்கொள்வதுமாகவே பொழுது கழிந்தது. பிக்கெல் ஆய்வு செய்து நோயைக் கண்டுபிடித்துவிட்டார். தாளில் அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டும் அன்றைய புது முறையைக் கொண்டு, இதோ சான்று என்று தாயிடம் காட்டவும் செய்தார். அந்தத் தாய்க்குச் சான்று வேண்டியிருக்கவில்லை. நோயின் பெயரைச் சொல்கிறீர்களே, என் பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதொன்றே அவர் கேள்வி. ஒன்றும் செய்வதற்கில்லை என்னும் விடையை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றார். அறிவியல் வரலாற்றில் இந்த நிற்றலுக்கு உரிய இடம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று நாம் ஐயுறுகிறோம். பாடநூல்களில் மருத்துவர் மூவரின் பெயர் முதலில் வரும். வாசலில் நின்றவர் அடிக்குறிப்பில் வருவார்.

வாசலில் நின்றவரின் தொல்லை தாங்காமலோ, மனம் இளகியோ, பிக்கெல் வழி தேடினார். இலண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்த உயிர்வேதியியலார் லூயி உல்ஃப் என்பவர் ஒரு வழி எண்ணி வைத்திருந்தார். பாலின் முதன்மைப் புரதமாகிய கேசினை அமிலத்தால் சிதைத்தால் மாலை அறுந்து மணிகளாகும். அந்தக் கரைசலைத் தூண்டப்பட்ட கரித்தூள் வழியே வடித்தால், கரி பினைல்அலனினைப் பற்றி நிறுத்திக்கொள்ளும். நம் வீடுகளில் மணலும் கரியும் இட்ட பானையில் தண்ணீர் வடித்த பழைய வழக்கத்தின் உறவினன் என்றே இதனைச் சொல்லலாம். ஆனால் கரி பற்றுவது அந்த ஒன்றை மட்டும் அன்று. டைரோசின், டிரிப்டோஃபேன் முதலிய தேவையான மணிகளும் அதில் சிக்கிக்கொள்ளும். அவற்றைப் பின்னர் தனியே நிறுத்துச் சேர்த்தாக வேண்டும். இவ்வளவும் செய்தபின் கிடைத்ததே உலகில் இந்நோய்க்கென முதன்முதல் ஒரு குழந்தைக்கு ஊட்டிச் சோதிக்கப்பட்ட மாற்றுப் புரதம். பால் என்று சொன்னாலும் பாலின் நிறமோ மணமோ சுவையோ அதில் இருந்திராது. அமினோ அமிலங்களின் கசப்பும் நாற்றமும் மருத்துவமனைகளில் பணிபுரிவோர் நன்கு அறிந்தவை.

தொடக்கமே சறுக்கியது. பினைல்அலனின் சிறிதுமற்ற உணவை மட்டுமே கொடுத்தபோது ஷீலாவின் எடை குறைந்தது. இருபது மணிகளில் ஒன்று அறவே கிடைக்காவிடில் புது மாலை கோக்க முடியாது. உடல் தன் தசையையே அறுத்து அந்த ஒரு மணியைத் தேடும். நஞ்சு என்று விலக்கியது, அளவோடு தந்தால் உயிர்ப்பொருள் என்பதை மருத்துவர் அந்தக் குழந்தையின் எடைத்தட்டில் கற்றனர். எனவே சிறிதளவு பசும்பாலை அளந்து சேர்த்தனர். இன்றுவரை இந்நோய்க்குரிய உணவு முறையின் அடிப்படை இதுதான்: வளர்ச்சிக்கு வேண்டிய அளவு இயற்கைப் புரதம், மீதிக்கு மாற்றுப் புரதம். கடுமையாக நோயுற்றவர்களுக்கு அந்த இயற்கை அளவு ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையிலுள்ள புரதமே. ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான்.

பின்னர் வந்த திங்கள்களில் அந்தக் குழந்தையிடம் மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. தவழக் கற்றாள். நின்றாள். நாற்காலியில் ஏற முயன்றாள். கண்களில் ஒளி வந்தது. முடி கருமை கொண்டது. தலையை மோதிக்கொள்வதும் ஓயாத அழுகையும் நின்றன. வாசலில் நின்ற தாயின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் வாசகரில் தாய்மார் பலர் உளர்.

இங்குத்தான் இவ்வரலாற்றின் நெருடலான பகுதி வருகிறது. மருத்துவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அது நேர்மையான ஐயமே. குழந்தை தேறியது உணவாலா? அல்லது, இத்தனை பேர் சுற்றிநின்று காட்டிய அன்பாலும் கவனிப்பாலுமா? தாய் கண்ட மாற்றம் உண்மையா, ஆசை காட்டிய தோற்றமா? ஒரே ஒரு குழந்தை. ஒப்பிட வேறொருத்தி இல்லை. உலகம் நம்ப வேண்டுமாயின் ஐயந்திரிபற மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே அவர்கள் ஒன்று செய்தனர். ஷீலா நாள்தோறும் உண்டுவந்த உணவில் ஐந்து கிராம் பினைல்அலனினைக் கலந்துவிட்டனர். தாய்க்குச் சொல்லவில்லை.

ஆறு மணி நேரத்துக்குள் மாற்றம் தெரிந்தது. சில நாட்களில், திங்கள் கணக்கில் முயன்று பெற்றதையெல்லாம் அவள் ஏறக்குறைய இழந்துவிட்டாள். நிற்க இயலவில்லை, தவழ்வதே அரிதாயிற்று, பழைய அழுகை திரும்பிற்று. காரணம் அறியாத தாய், தம் கண்முன்னே மகள் மீண்டும் பின்னோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயம் தீர்ந்தது. கூட்டிய பொருளை நிறுத்தியபின், மருத்துவர்கள் நடந்ததைத் தாயிடம் தெரிவித்தனர். அதன்பின் அவரது ஒப்புதலோடு, இம்முறை மருத்துவமனையிலேயே வைத்து, அதே சோதனையைத் திரும்பவும் நடத்தினர். குழந்தையின் நிலையை ஒவ்வொரு கட்டத்திலும் திரைப்படமாகப் பதிவு செய்தனர். 1953இல் இலண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் மூவரின் கட்டுரை வெளிவந்தது. தாய்க்குத் தெரியாமல் செய்தோம் என்பதை அதில் மறைக்காமல் எழுதியிருந்தனர். அந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை எழுதும்போது அவர்களுக்கு மனம் உறுத்திற்றா என்பது அந்தத் துறை நடையிலிருந்து நமக்குத் தெரியவில்லை.

இதை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அக்காலத்தில் இத்தகைய நெறிகளே இல்லை, இன்றைய அளவுகோலால் அன்றையோரை அளத்தல் முறையன்று என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. 1947இல் நூரம்பெர்க் நீதிமன்றம், மாந்தரைக் கொடுஞ்சோதனைக்கு உட்படுத்திய நாசி மருத்துவர்களைத் தண்டித்தபோதே, சோதனைக்குள்ளாவோரின் தன்விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று முதல் விதியாக எழுதிவைத்தது. பர்மிங்ஹாமில் ஷீலாவின் சோதனை நடந்துவந்த அதே 1952ஆம் ஆண்டின் செப்டம்பர் திங்களில், நரம்பு மண்டலத் திசு நோயியல் பற்றிய முதல் அனைத்துலக மாநாட்டினரிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இதே வினாவைத்தான் எடுத்துக்கொண்டார். அறிவியலின் நலன், நோயாளியின் நலன், பொதுநலன் ஆகிய மூன்றும் புதிய மருத்துவ முயற்சிகளுக்கு நியாயமாகக் காட்டப்படுகின்றன; மூன்றும் மதிக்கத்தக்கவையே, ஆயினும் மூன்றில் எதுவும் எல்லையற்றதன்று என்பது அவ்வுரையின் கருத்து. நோயாளி தருகின்ற உரிமைக்கு மேல் மருத்துவருக்குத் தாமாக ஓர் உரிமையும் இல்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார். அவ்வுரை பர்மிங்ஹாம் ஆய்வகத்தை எட்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் காற்றில் அந்தக் கேள்வி இருந்தது. உலக மருத்துவக் கழகத்தின் ஹெல்சிங்கி அறிக்கை பின்னர் 1964இல் வந்தது.

நற்பயன் கருதித் தகாததைச் செய்யலாகாது என்று குருமட வகுப்பில் அறநெறி இறையியல் படித்தபோது, மணிக்கணக்காக வழக்காடியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நூலில் உள்ளவை. தவறியும் ஒரு குழந்தை அவற்றில் அழாது. ஷீலா அழுதாள். அவள் அழுததனால் கிடைத்த சான்றே பிற்காலத்தில் பல்லாயிரம் குழந்தைகளுக்கு அறிவையும் பேச்சையும் தந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கையில் வைத்துப் பார்ப்பது எளிதன்று. எனினும் நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் சோதனை தவறு. அது தேவையும் அன்று. தாயின் ஆசை கண்ணை மறைத்துவிடுமோ என்பதுதான் அச்சமெனில், அதற்கு வழியுண்டு. வருகிற வாரங்களுள் ஏதோ ஒன்றில் இப்பொருளைக் கலப்போம், எந்த வாரம் என்று மட்டும் சொல்லமாட்டோம், இசைகிறீர்களா என்று கேட்டிருக்கலாம். இக்காலத்துச் சோதனைகளில், மெய்ம்மருந்தோ வெற்று வில்லையோ இரண்டில் ஒன்று கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுவது இவ்வகையே. அறியாமை வேண்டியிருக்கலாம், அந்த அறியாமைக்கு ஒருவர் அறிந்தே இசைய வேண்டும். அந்தத் தாய் இசைந்திருக்க மாட்டார் என்று சொல்வாரும் உளர். ஆனால் இரண்டாம் முறை, என்ன நேரும் என்பதைக் கண்ணால் கண்டபின்னும், அவர் இசைந்தாரே! முதல் முறையும் அவரைக் கேட்டிருக்கலாம் என்பதற்கு அதனினும் சான்று வேறு வேண்டுமோ?

அந்த இரண்டாம் இசைவை நினைக்கும்போதெல்லாம் நமக்குச் சொல் நின்றுவிடுகிறது.

மருத்துவர் மூவருக்கும் 1962இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் ஜான் ஸ்காட் விருது வழங்கிச் சிறப்பித்தது. ஷீலாவுக்கோ, அந்தச் சோதனையின் கனி நிலைக்கவில்லை. இரண்டு வயதுக்குப் பின் தொடங்கியதால், முன்னரே நேர்ந்துவிட்ட இழப்பை முழுதும் மீட்க இயலவில்லை. தாய்க்கு மனநலம் குன்றியதால் உணவு முறையைத் தொடரவும் வழியில்லாமற் போயிற்று. அவள் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு காப்பகத்திலேயே கழித்தாள். எவளைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டதோ, அவளுக்கு அது உதவவில்லை.

பிந்திவிட்டது என்பதே அவள் கதை. முந்திக் கண்டால்? அக்கேள்விக்கு விடை தந்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து நுண்ணுயிரியலார் இராபர்ட் குத்ரி. அவர் மகன் மனவளர்ச்சி குன்றியவன்; உறவில் ஒரு பெண் குழந்தைக்கு இதே நோய், பதினைந்து திங்கள் கழித்தே கண்டறியப்பட்டிருந்தது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டுக் குருதியை வடிதாளில் ஒற்றி எடுத்து, நுண்ணுயிர் வளர்ப்பின் மேல் அந்தத் தாள்துண்டை வைத்தால் போதும். பினைல்அலனின் மிகுந்திருப்பின் தாளைச் சுற்றி நுண்ணுயிர் செழித்து வளரும். மலிவான முறை, காய்ந்த தாளை அஞ்சலில் அனுப்பலாம். 1960களின் தொடக்கத்தில் 29 மாநிலங்களில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்ததில் 39 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. இதற்கிடையே 1958இல் 'லோஃபனலாக்' என்னும் மாற்றுப் புரதத் தூள் விற்பனைக்கு வந்துவிட்டது. கண்டுபிடிக்கவும் முடிந்தது, கொடுக்கவும் பொருள் இருந்தது. அந்தத் தூளை 1972வரை அமெரிக்க அரசு உணவென்று கொள்ளாமல் மருந்தென்றே வகைப்படுத்தி வைத்திருந்தது. உணவா மருந்தா என்னும் அந்தத் தடுமாற்றம் இன்றும் பல நாடுகளில் முற்றும் தீர்ந்தபாடில்லை. காப்பீட்டில் யார் பணம் கொடுப்பது என்று வரும்போது அது உணவாகிவிடுகிறது!

சோதனை அத்துடன் முடியவில்லை. முதற்காலத்தில் அளவு தெரியாமல் பினைல்அலனினை மிகக் குறைத்துவிட்டதால் நலிந்த குழந்தைகள் உண்டு; இறந்தவர்களும் உண்டு. பர்மிங்ஹாமின் எடைத்தட்டு கற்பித்த பாடத்தை ஒவ்வோர் ஊரும் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. 1967இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கின. உணவு கொடுக்கப்படாத ஒரு கூட்டத்தை ஒப்பீட்டுக்காக வைக்க அதற்குள் எவர் மனமும் ஒப்பவில்லை. குருதியில் பினைல்அலனின் எந்த அளவில் இருக்கலாம் என்பதையே இரு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தனர். பின்னர், ஆறு வயதோடு மூளை வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறதே, அதற்குமேல் இந்த உணவு முறை எதற்கு என்ற கேள்வி வந்தது. ஆறு வயதில் சிலர் நிறுத்தினர், சிலர் தொடர்ந்தனர். நிறுத்தியவர்கள் அறிவுத்திறனிலும் பள்ளிப் படிப்பிலும் பின்தங்கினர். ஆகவே வாழ்நாள் முழுதும் தொடர்க என்பதே இப்போதைய நெறி.

இதற்குள் மற்றொரு துயரம் காத்திருந்தது. குத்ரியின் சோதனையால் காப்பாற்றப்பட்டு, இயல்பாக வளர்ந்து, உணவு முறையைக் கைவிட்டுத் திருமணமும் செய்துகொண்ட பெண்கள் கருவுற்றபோது, அவர்கள் குருதியில் மிகுந்திருந்த பினைல்அலனின் கருவிலிருந்த குழந்தையைத் தாக்கிற்று. அக்குழந்தைக்கு நோய் இல்லாவிடினும் தலை சிறுத்து, அறிவு குன்றிப் பிறந்தது. 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குருதி அளவு மிக உயர்ந்திருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவ்வாறு பாதிக்கப்பட்டதைக் காட்டியது. பிள்ளைப் பருவத்தோடு விட்டொழிந்தது என்று மகிழ்ந்த அந்தக் கசப்புத் தூளை, கருவுறுமுன்னரே மீண்டும் குடிக்கத் தொடங்க வேண்டும். தொடங்கினர். நலமான குழந்தைகள் பிறந்தன.

அந்தக் கசப்பைப் பற்றி இறுதியாக ஒன்று. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பது ஒன்று. அதை ஒரு பிள்ளை நாள்தோறும் மூன்று நான்கு வேளை, ஆண்டுக்கணக்கில் விழுங்குமா என்று சோதிப்பது வேறொன்று. இரண்டாவதே கடினம் என்பதை எந்தத் தாயும் சொல்வாள். வகுப்பில் மற்றவர் உண்பதை உண்ண முடியாது. பிறந்தநாள் அப்பத்தில் ஒரு துண்டுக்கும் கணக்கு உண்டு. தூளைக் கரைத்துக் குடித்தால் மூச்சிலும் அதன் நாற்றம். பதின்ம வயதில் பலர் ஒளித்துக் கொட்டிவிடுவதுண்டு என்பது இத்துறை மருத்துவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆகவே கரித்தூளில் வடித்தது போய், தூய அமினோ அமிலங்களைக் கலந்த தூள்களும், பழச்சுவையூட்டிய கூழும், வில்லைகளும் அடுத்தடுத்து வந்தன.

2000க்குப் பின் ஆய்வாளர் மீண்டும் பாலுக்கே திரும்பினர். பாலை உறைச்சாறு இட்டுத் திரைத்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது, வடிந்துபோகும் தெளிநீரில் கிளைகோமேக்ரோபெப்டைடு என்னும் ஒரு புரதத்துண்டு இருக்கிறது. தூய நிலையில் அதில் பினைல்அலனின் இயற்கையாகவே இல்லை. கேசினிலிருந்து கரியால் பிடுங்க வேண்டியிருந்ததை, கேசினின் ஒரு துண்டு முதலிலிருந்தே கொண்டிருக்கவில்லை! அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதைக் கொண்டு உணவு செய்து, 2009இல் வெளியிட்ட முதல் சோதனையில் 11 பேருக்குச் சில நாட்கள் பழைய தூளும் சில நாட்கள் இதுவும் கொடுத்துப் பார்த்தனர்; பெரும்பாலோர் இதன் சுவையையே விரும்பினர். ஆனால் கடைக்கு வரும் தூளில் சிறிதளவு பினைல்அலனின் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சிறிதளவும் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பொறுமையாக ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சொன்னவர்கள் வேறு யாருமல்லர், அதே பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையார். இந்நோய்க்கு 2007இலும் 2018இலும் அமெரிக்காவில் மருந்துகளும் ஒப்புதல் பெற்றன. முதலாவது சிலருக்கே பயன்படும். இரண்டாவது ஊசிமருந்து, வளர்ந்தவர்களுக்கென வந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்றும் மாற்றுப் புரதந்தான்.

இங்கிலாந்தில் இப்போது ஒரு புதிய மாற்றுப் புரதம் வருமுன் அதனைச் சிறு எண்ணிக்கையினரான நோயாளிகளிடம், ஏழு நாட்களோ நான்கு வாரங்களோ, ஏற்பு வினாத்தாளோடு சோதிக்கின்றனர். நாள்தோறும் எவ்வளவு குடித்தார், எவ்வளவு மிச்சம் வைத்தார், மணம் எப்படி, சுவை எப்படி, விழுங்கியபின் நாவில் நிற்பது எப்படி, வயிறு வலித்ததா என்றெல்லாம் அதில் கேட்கப்படும். இதெல்லாம் தொடங்குமுன் ஒரு தாள் நிரப்பப்படுகிறது. என்ன கொடுக்கப்போகிறோம், எத்தனை நாள், விருப்பமில்லாவிடின் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் அடியில் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். எழுதத் தெரிந்த வயதுடைய பிள்ளையாயின், அதற்கெனச் சிறுவர்க்கு விளங்கும் மொழியில் எழுதிய தாளொன்று தனியே உண்டு. அதில் பிள்ளையும் தன் பெயரைத் தன் கையால் எழுதலாம்.